படத்தைப் பார்த்துக் கையைத் தூக்காதீர்கள்

உடற்பயிற்சிப் புத்தகங்களில் படத்துக்கு நிற்பவர்கள் யாருக்கும் மூட்டுவலி இருந்ததாகத் தெரியவில்லை. இருபத்தைந்து வயது உடம்பு, கை காதை ஒட்டி நேராக மேலே போயிருக்கும், முகத்தில் சிரிப்பு வேறு. ஐம்பதைத் தாண்டி, சர்க்கரையும் வந்து, சேலைத் தலைப்பைத் தோளில் எடுத்துப் போடவே மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிற ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்தால் ஒன்று புத்தகத்தை மூடி வைப்பாள், இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்குவாள். இரண்டிலும் பிரயோஜனம் இல்லை.

எனக்குப் பூட்டிக்கொண்டது வலது தோள். நான் பள்ளிக்கூட டீச்சர். கரும்பலகையின் உச்சியில் தேதி எழுதுவது முதலில் நின்றது. அப்புறம் சடை பின்னல், கொடியில் துணி போடுவது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பது என்று ஒவ்வொன்றாகக் கைநழுவியது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ‘ஃப்ரோசன் ஷோல்டர்’, அதாவது தோள்மூட்டு இறுகிப்போவது என்று சொல்லி பிசியோவிடம் அனுப்பினார். பிசியோ இருந்தது டவுனில். வேலை நாளில் போய்வர முடியாது, அதனால் வாரத்துக்கு ஒரு தடவைதான். மற்ற நாட்களுக்குத் துணை புத்தகங்கள். மகள் வாங்கி வந்தது, பள்ளி நூலகத்தில் இருந்தது, சக டீச்சர்கள் இரவல் கொடுத்தது என்று வீட்டில் ஒரு அடுக்கே சேர்ந்துவிட்டது.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை அந்தப் பிசியோ பெண் முதல் நாளே செய்து காட்டினார். என்னைப் படுக்க வைத்து, “டீச்சர், நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. கையை அப்படியே என்கிட்ட விட்ருங்க” என்று சொல்லிவிட்டு அவரே தூக்கினார். நானாகத் தூக்கினால் எந்த இடத்தில் நிற்குமோ, அவர் தூக்கும்போதும் அதே இடத்தில் நின்றது. “நீங்க தூக்கினா வராம, நான் தூக்கினா மட்டும் வந்திருந்தா அது வேற கதை. தசைநார் கிழிஞ்சிருக்கான்னு பாக்கணும். இது மூட்டே இறுகிப்போனது” என்றார். அடுத்து, இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கைகளை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். இடது கை பாட்டுக்குத் திரும்பியது. வலது கை வயிற்றுக்கு நேரே முன்னால் நீட்டிக்கொண்டு நின்றதோடு சரி. இந்த நோயில் அதிகமாகக் குறைவது இந்த வெளித்திருப்பம்தானாம்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், ‘மூட்டுப் பயிற்சி’ என்ற தலைப்பில் வரும் புத்தகங்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்புகின்றன. தசை நீளாமல் இழுத்துப் பிடிப்பது ஒன்று. மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிப்போவது இன்னொன்று, என்னுடையது இதுதான். வலுவில்லாததால் கை மேலே போகாதது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே படம்தான் போட்டிருக்கும். நமக்கு எது என்று தெரியாமல் புத்தகத்தைத் திறந்தால் எந்தப் பக்கம் நமக்கானது என்று தெரியாது. அதற்கு மட்டுமாவது ஒரு தடவை நேரில் போய்க் காட்டிவிடுவது நல்லது. எக்ஸ்ரே எடுப்பதும் அதற்குத்தான். ஃப்ரோசன் ஷோல்டர் எக்ஸ்ரேயில் தெரியாது, ஆனால் வேறு ஏதாவது இருந்தால் தெரிந்துவிடும்.

அந்தப் பெயரைப் பரவலாக்கியவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். 1934-இல் தோள்மூட்டுக்கென்றே ஒரு பெரிய புத்தகம் எழுதியவர். இதை வரையறுப்பதும் கஷ்டம், குணப்படுத்துவதும் கஷ்டம், விளக்குவதும் கஷ்டம் என்று அவரே கைவிரித்திருக்கிறார். தொண்ணூறு வருடம் ஆகியும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் வரும், பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல், சர்க்கரை இருப்பவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். சர்க்கரைக்காரர்களுக்கு விரல் மூட்டுகளும் இறுகுவது உண்டு. கும்பிடுவதுபோல இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். விரல்கள் ஒன்றோடொன்று முழுசாக ஒட்டாமல் நடுவில் இடைவெளி தெரிந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய சங்கதி அது. எந்த உடற்பயிற்சிப் புத்தகத்திலும் இதை நான் பார்க்கவில்லை. பிசியோதான் சொன்னார்.

இந்த நோய்க்கு மூன்று கட்டம். முதலில் வலி கூடிக்கொண்டே போய் அசைவு குறையும். அடுத்து வலி கொஞ்சம் அடங்கி இறுக்கம் மட்டும் நிற்கும். கடைசியில் மெதுவாக இளகும். மொத்தமாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று புத்தகம் கேட்பதே இல்லை. முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை எல்லாருக்கும் ஒரே வேகம். ஆனால் முதல் கட்டத்தில் வலியை மீறி இழுத்தால் பலன் குறைகிறது. நெதர்லாந்தில் 77 நோயாளிகளை இரண்டு வருடம் கவனித்து 2004-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வலி எல்லைக்குள் மிதமாக அசைத்துவந்தவர்கள், வலியைத் தாண்டி இழுத்துப் பயிற்சி செய்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ‘வலிச்சாத்தான் சரியாகும்’ என்று சொல்லாத சொந்தக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. பதிலுக்கு இந்த ஆய்வைச் சொல்லிப் பார்த்தேன். யாரும் மசியவில்லை, அது வேறு விஷயம்.

இனி அந்த அடுக்கிலிருந்து எனக்கு உதவிய சில பயிற்சிகள். இவை எல்லாப் புத்தகத்திலும் இருப்பவைதான். எப்படிச் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காட்மன் பெயரிலேயே ஒரு பயிற்சி இருக்கிறது, ஊசல் பயிற்சி. டைனிங் டேபிளில் இடது கையை ஊன்றிக் குனிந்து நின்று வலது கையைத் தொங்கவிட வேண்டும். படத்தில் கைக்குப் பக்கத்தில் வட்ட அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் எவருக்கும் கையைச் சுழற்றத்தான் தோன்றும். சுழற்றக் கூடாது. கை கிணற்றுக்குள் தொங்கும் வாளி மாதிரி சும்மா தொங்க வேண்டும். உடம்பு முன்னும் பின்னும் லேசாக ஆட, அந்த ஆட்டத்தில் கை தானாக ஆட வேண்டும். தோள் தசை வேலை செய்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. இன்னொருவரை உங்கள் தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் கை வைக்கச் சொல்லுங்கள். அந்த இடம் கல்லாக இருந்தால் நீங்கள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மகள் கை வைத்துப் பார்த்து, “அம்மா, விடும்மா, இன்னும் பிடிச்சுக்கிட்டே இருக்கே” என்பாள். தளர்த்திவிடுவது என்பது சொன்னவுடன் வந்துவிடுவதில்லை. மூச்சை வெளியே விடும்போதுதான் கை ஒரு இஞ்ச் இறங்குகிறது. ரத்த அழுத்தம் இருப்பவர்கள், குனிந்தால் தலை சுற்றுகிறவர்கள் இதைச் செய்வதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கம்புப் பயிற்சி. வெளித்திருப்பத்துக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஒட்டடைக் குச்சியின் மூங்கிலை இரண்டு முழத்துக்கு அறுத்து வைத்துக்கொண்டேன், குடைகூடப் போதும். மல்லாந்து படுத்து, வலது முழங்கைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றை வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, கம்பின் இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். நல்ல கை கம்பைத் தள்ளும், பூட்டிய கை வெளிப்பக்கம் போகும். வலது கைக்கு இதில் ஒரு வேலையும் கிடையாது. துண்டை வைக்காவிட்டால் மேல்கை பின்னால் சரிந்து தோளின் முன்பக்கம் குத்தும். துண்டைப் பற்றிய அந்த ஒற்றை வரி ஒரு புத்தகத்தில் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது, இன்னொன்றில் அதுவும் இல்லை. முழங்கை விலாவைவிட்டு விலகினாலும் கை வெளியே போவது போலத்தான் தெரியும், ஆனால் மூட்டு திரும்பியிருக்காது.

சுவரில் விரல்களால் ஏறுவது எல்லாருக்கும் தெரிந்தது. சுவரைப் பார்த்து நின்று ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நடக்கவிட்டு மேலே கொண்டுபோக வேண்டும். இதில் உடம்பு செய்கிற திருட்டுத்தனம் ரசிக்கத்தக்கது. கை போகாத உயரத்துக்குத் தோள்பட்டையே காதை நோக்கி ஏறிவிடும், இடுப்பு ஒரு பக்கம் வளையும், குதிகால்கூட மெல்லக் கிளம்பும். விரல் மட்டும் உயரே போயிருக்கும். ‘நேற்றைவிட ஒரு சாண் கூட’ என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். பீரோக் கண்ணாடியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு செய்தால்தான் எது கை, எது இடுப்பு என்று தெரிகிறது. தோள் தூக்காமல் எவ்வளவு போகிறதோ அதுதான் கணக்கு. கதவு நிலையில் பென்சிலால் அந்த இடத்தைக் குறித்து வைத்தேன். வாரத்துக்கு ஒரு தடவை போதும், அதுவும் ஒரே நேரத்தில். காலை இறுக்கமும் சாயந்திர இளக்கமும் வேறு வேறு. தினமும் அளந்தால் மனசுதான் கெடும்.

கை முதுகுக்குப் பின்னால் போவது கடைசியாகத்தான் திரும்பும் என்று சொல்லியிருந்தார்கள், அப்படியே ஆனது. துண்டை நல்ல கையால் தோளுக்கு மேலாகப் பிடித்துப் பின்னால் தொங்கவிட்டு, கீழ்முனையைப் பூட்டிய கையால் பிடித்து, மேலே இழுக்கிற பயிற்சி அது. இதைப் பல புத்தகங்கள் முதல் பக்கத்திலேயே போடுகின்றன. பிசியோ இதை எனக்கு மாதக்கணக்கில் தரவே இல்லை. வலி அடங்கி, வெளித்திருப்பம் பாதியாவது வந்த பிறகுதான் தந்தார். இதற்கு அளவு நம் உடம்பிலேயே இருக்கிறது. கட்டை விரல் பின்னால் எதுவரை போகிறது? பாவாடை நாடாவா, இடுப்பு மடிப்பா, ரவிக்கையின் கீழ்விளிம்பா? தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வரை போனால் ஏறக்குறைய ஏழாவது மார்பு முள்ளெலும்பு. டாக்டர்கள் குறித்துக்கொள்வதும் இந்த வகை அளவுதான்.

எவ்வளவு செய்தால் அதிகம் என்பதற்குப் பிசியோ சொன்ன விதி ஒன்றுதான். செய்யும்போது இழுப்பு தெரியலாம். முடித்துக் கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிட வேண்டும். அன்று இரவு தூக்கம் கெட்டாலோ மறுநாள் காலை முந்தைய நாளைவிட இறுக்கமாக இருந்தாலோ, பயிற்சியை நிறுத்த வேண்டாம், பாதியாகக் குறைக்க வேண்டும். வெந்நீரில் குளித்துவிட்டுச் செய்வது நல்லது, இளக்கமாக இருக்கும். ஒரே மூச்சாக அரைமணி நேரம் செய்வதைவிட அஞ்சு அஞ்சு நிமிடமாக நாளில் மூன்று நான்கு தடவை செய்வது எனக்கு ஒத்துவந்தது. இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் மேஜையில் கையை ஊன்றி ஊசல் ஆடியதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்ததும் உண்டு.

புத்தகம் வாங்குவது பற்றி. கடையில் புரட்டும்போது நான் முதலில் பார்ப்பது, ஒவ்வொரு பயிற்சியிலும் ‘முடியாதவர்களுக்கு’ என்று ஒரு மாற்று சொல்லியிருக்கிறார்களா என்பதைத்தான். இரண்டாவது, எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களா. மூன்றாவது, படங்கள் முடிந்த நிலையை மட்டும் காட்டுகின்றனவா, போகும் வழியையும் காட்டுகின்றனவா. இந்த மூன்றும் இல்லாவிட்டால் அச்சு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடலாம். ‘21 நாளில் மூட்டுவலிக்கு விடுதலை’ என்று அட்டையில் போட்டிருந்தால் புரட்டவே வேண்டாம்.

பி.கே.எஸ். ஐயங்காரின் ‘லைட் ஆன் யோகா’ 1966-இல் வந்தது. அறுநூறு படம் போல இருக்கும், எல்லாம் அவரே செய்து காட்டியது. படங்களைப் பார்த்தால் பயம்தான் வரும். ஆனால் ஒவ்வொரு ஆசனத்தின் பெயருக்குப் பக்கத்திலும் உடுக்குறியோடு (*) ஒரு எண் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடினத்தின் அளவு அது, ஒன்றிலிருந்து அறுபது வரை. எளியது ஒன்று, உச்சம் அறுபது. என்னைப் போன்றவர்களுக்கு ஒற்றை இலக்கத்தைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் அவ்வளவு பெரிய புத்தகம் சில பக்கங்களாகச் சுருங்கிவிட்டது. இத்தனைக்கும் அவர் சின்ன வயதில் காய்ச்சலும் காசநோயுமாகக் கிடந்து, உடல் இறுகிப்போய் யோகத்துக்கு வந்தவர். பிற்காலத்தில் பெல்ட், மரக்கட்டை, நாற்காலி, மடித்த போர்வை என்று துணைப்பொருள்களைப் புகுத்தியவரும் அவர்தான். நம் மூட்டுக்கு வேண்டியது அந்த நாற்காலியும் போர்வையும்தான்.

வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியை எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் செய்கிறார்கள். கைப்பயிற்சி, கால் பயிற்சி, கண் பயிற்சி என்று வரிசையாகப் போகும். வலி அடங்கிய பிறகு உடம்பு முழுக்க ஒருமுறை அசைத்துவிட அந்தக் கைப்பயிற்சி எனக்கு நன்றாகவே பயன்பட்டது. பூட்டியிருந்த காலத்தில் மட்டும் கையை வீசுகிற இடங்களை விட்டுவிட்டுச் செய்தேன். கூடச் செய்த அக்கா ஒருவர், “வரிசையை மாத்தக் கூடாதும்மா” என்றார். வரிசையை மாற்றவில்லை அக்கா, என் கை இன்னும் அந்த வரிசைக்கு வரவில்லை என்றேன்.

முதுகுவலிக்காரர்களுக்கு நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி எழுதிய சின்னப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது வலியின் இடத்தைக் கவனிக்கச் சொல்வது. பயிற்சி செய்யச் செய்ய வலி காலிலிருந்து விலகி முதுகுத்தண்டுப் பக்கம் ஒதுங்கினால், முதுகில் கொஞ்சம் கூடினாலும் அது நல்ல அறிகுறி. முதுகிலிருந்து கீழே காலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும். எதிரே ஆள் இல்லாமல் தனியாகப் பயிற்சி செய்பவர் கையில் இப்படி ஒரு திசைகாட்டியைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் நல்ல வழிகாட்டிப் புத்தகத்தின் லட்சணம் என்று நினைக்கிறேன். என் கணவருக்கு அது உதவியது. அவருடைய முதுகுக் கதை தனியாக எழுத வேண்டியது.

தோள் இளக ஆரம்பித்ததும் கவனம் காலுக்குப் போனது. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வந்து, சாப்பாடு டைனிங் டேபிளுக்கு ஏறிய பிறகு தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பது என்பதே கல்யாண வீட்டுப் பந்தியிலும் கோயிலிலும் மட்டும் என்று ஆகிவிட்டது. குத்தவைத்து உட்கார்ந்தால் பின்னால் சாய்கிறேன். எல்லாரும் முழங்காலைக் குறை சொல்வார்கள். பாதி நேரம் குற்றவாளி கணுக்கால். சுவரைப் பார்த்து நின்று, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளி, குதிகால் தரையைவிட்டுக் கிளம்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர்? பத்துக்குப் பக்கம் இருந்தால் தேவலை. எனக்கு ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது அதில் பாதிகூட இல்லை. கெண்டைச்சதையை இழுக்கும் பயிற்சியை முழங்கால் நீட்டி ஒன்று, மடக்கி ஒன்று என்று இரண்டு விதமாகவும் செய்ய வேண்டும். அங்கே இரண்டு தசைகள் இருக்கின்றன. முழங்காலை மடக்கினால்தான் உள்ளே இருப்பது இழுபடும். பல புத்தகங்களில் முதல் படம் மட்டும்தான் இருக்கும்.

சம்மணம் போட்டால் முழங்கால் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்தால், அதைக் கையால் கீழே அமுக்காதீர்கள். இடுப்பு மூட்டு திரும்பாததால்தான் முழங்கால் மேலே நிற்கிறது. அமுக்கினால் அந்தப் பாரம் முழங்காலில் போய் உட்காரும். ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு உட்காரும் இடத்தை உயர்த்துங்கள், முழங்கால் தானாக இறங்கும். வாரம் போகப் போக ஒரு மடிப்பாகக் குறைக்கலாம்.

எத்தனை நொடி பிடிப்பது என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் சண்டை. பொதுவாகச் சொல்லப்படுவது, வயது வந்தவர்களுக்குப் பத்திலிருந்து முப்பது நொடி, முதியவர்களுக்கு முப்பதிலிருந்து அறுபது நொடி, வாரத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாள். முதல் சில வாரங்களில் தெரியும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி தசை நீண்டதால் அல்ல, அந்த இழுப்பைத் தாங்க உடம்பு பழகிக்கொள்வதால் வருவது. அதனால்தான் ஒரு மாதம் விட்டால் பழையபடி ஆகிவிட்டது போல இருக்கிறது. புதிதாகக் கிடைத்த அசைவை அன்றாட வேலையில் பயன்படுத்தினால் நிற்கும். நான் மிளகாய்ப்பொடி டப்பாவை மேல் தட்டுக்கு மாற்றினேன். அவ்வளவு உயரத்துக்குக் கை போக ஆரம்பித்த பிறகு அல்ல, போவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே.

புத்தகத்தை மூடிவிட்டு நேரே டாக்டரிடம் போக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. மூட்டு சிவந்து வீங்கிச் சூடாக இருப்பது, கூடக் காய்ச்சல் வருவது, கை கால் மரத்துப் பலம் குறைவது, விழுந்த பிறகு வந்த வலி, காரணமில்லாமல் எடை குறைவது. இடது தோளிலோ கையிலோ வலியும் கூடவே நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் ‘தோள் பிடிப்பு’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எலும்பு மெலிவு என்று சொல்லப்பட்டவர்கள் முதுகை வளைத்துக் குனிந்து காலைத் தொடுகிற பயிற்சிகளைக் கேட்காமல் செய்யக் கூடாது. முள்ளெலும்பு நொறுங்கலாம். இயல்பிலேயே மூட்டு அளவுக்கு மீறி வளைகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு இழுப்புப் பயிற்சி தேவையே இல்லை, வலுப் பயிற்சிதான் வேண்டும்.

இப்போது என் வலது கை கரும்பலகை உச்சிக்குப் போகிறது. பின்பக்கக் கொக்கி வைத்த ரவிக்கைக்கு இன்னும் மகள்தான். ஒரு தடவை வந்த தோளுக்கே இது மறுபடி வருவது அபூர்வமாம், ஆனால் மறுபக்கத் தோளுக்கு வருவது உண்டு, சர்க்கரை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும் என்று பிசியோ சொல்லியிருக்கிறார். அதனால் மாதத்துக்கு ஒரு தடவை இடது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கை எவ்வளவு வெளியே திரும்புகிறது என்று பார்த்துக்கொள்கிறேன். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி பார்க்க ரத்தம் கொடுக்கும் தேதிக்குப் பக்கத்திலேயே அதையும் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.